கடலோரத்தில் ஓ.ஆர். படிக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில் ஒரு வாடகை வீட்டில், முதுகலைக் கணிதமும் புள்ளியியலும் படிக்கும் மாணவர்கள் பதினைந்து இருபது பேரை வைத்து மூன்று வாரம் பாடம் நடத்துகிறோம். பாடம் ஆபரேஷன்ஸ் ரிசர்ச், சுருக்கமாக ஓ.ஆர். கையிலிருக்கும் ஆளையும் பொருளையும் நேரத்தையும் எப்படிப் பயன்படுத்தினால் நல்லது என்று கணக்குப் போட்டு முடிவெடுக்கும் முறை அது. கடற்படை, கடலோரக் காவல் படை போன்ற சீருடைப் பணிகளில் உண்மையாகவே எழும் பிரச்சினைகளுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் பயிற்சி. விண்ணப்பிக்கிறவர்களும் பெற்றோரும் ஊர்க்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்குப் பதில் நீளம். அவசரக்காரர்கள் கடைசிக் கேள்விக்குப் போய்விடலாம்.

ஓ.ஆர். எங்களுக்கு இளங்கலையிலேயே பாடமாக வந்துவிட்டதே. மறுபடியும் எதற்கு?

வந்திருக்கும். சிம்ப்ளக்ஸ் அட்டவணை போடுவீர்கள், போக்குவரத்துக் கணக்கில் வடமேற்கு மூலை விதி, வோகல் முறை எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். அந்தக் கணக்குகளில் எல்லாம் கேள்வியை யாரோ ஒருவர் ஏற்கெனவே தயார்செய்து, எண்களைக் கட்டத்தில் நிரப்பி, "செலவைக் குறைக்க" என்று கடைசி வரியில் எழுதிக் கொடுத்திருப்பார். கடலோரத்தில் அந்தக் கடைசி வரியை எழுதித் தர யாரும் இல்லை. எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வாரத்தில் முக்கால்வாசி அந்த ஒரு வரிக்கே போய்விடும். சூத்திரத்துக்கு ஆகும் நேரம் மிகக் கொஞ்சம்.

இதற்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்? மேலாண்மைப் பாடம் என்றல்லவா நினைத்தோம்?

பிறந்ததே ராணுவத்தில்தான். 1930களின் இறுதியில் இங்கிலாந்தில் ராடார் வந்தபோது, கருவி வேலை செய்கிறது, ஆனால் அதை வைத்துப் போர் செய்யும் முறை வேலை செய்யவில்லை என்ற சிக்கல் எழுந்தது. அதைக் கவனிக்க அறிவியலாளர்களை விமானப்படையோடு உட்காரவைத்தார்கள். அவர்களில் பெரிய பெயர் பேட்ரிக் பிளாக்கெட். முதல் உலகப் போரில் கடற்படை அதிகாரியாக இருந்தவர், பிறகு இயற்பியலாளர், 1948-இல் நோபல் பரிசு பெற்றவர். அதே 1948-இல் இந்திய அரசுக்குப் பாதுகாப்புத் துறையில் அறிவியலைப் பயன்படுத்துவது பற்றி அறிக்கை கொடுத்தவரும் அவரே.

அந்தக் காலத்துக் கதைகளில் இரண்டை முதல் நாளே சொல்லிவிடுவோம். ஓட்டை விழுந்த விமானக் கதை வேண்டாம். அது வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

முதல் கதை ஆழ வெடிகுண்டு. நீர்மூழ்கியைக் கண்டதும் விமானத்திலிருந்து குண்டு போடுவார்கள், அது 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. விமானத்தைக் கண்ட நீர்மூழ்கி முழுகி ஓடிவிடும், ஆகவே ஆழத்தில்தான் இருக்கும் என்பது கணிப்பு. ஈ. ஜே. வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் தாக்குதல் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். ஆழத்துக்குப் போய்விட்ட நீர்மூழ்கி எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது, அதன்மேல் போட்ட குண்டு பெரும்பாலும் வீண். குண்டு சரியான இடத்தில் விழ வாய்ப்புள்ளது அது மேல்மட்டத்தில் இருக்கும்போதோ அப்போதுதான் முழுகத் தொடங்கும்போதோதான். அந்த நேரத்திலோ குண்டு வெகு ஆழத்தில் போய் வெடிக்கிறது. வெடிக்கும் ஆழத்தை 25 அடிக்குக் கொண்டுவந்தார்கள். குண்டும் பழையது, விமானமும் பழையது. பலன் பல மடங்கு கூடியது. (பாக் நீரிணையில் பல இடங்களில் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். இங்கே இந்தக் கதையைச் சொன்னால், "சார், 100 அடி போனா தரை தட்டிடும்" என்று உள்ளூர் மாணவர் யாராவது சொல்லாமல் இருந்ததில்லை.)

இரண்டாவது கதை எனக்கு இன்னும் பிடித்தது. சரக்குக் கப்பல்களில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வைத்தார்கள். சுட்டு வீழ்த்திய விமானங்களை எண்ணிப் பார்த்தால், தாக்க வந்தவற்றில் சுமார் 4 சதவீதம்தான். வீண் செலவு, பீரங்கிகளைக் கழற்றிவிடலாம் என்று பேச்சு. பிறகு ஒருவர் வேறு கேள்வி கேட்டார்: பீரங்கி இருந்த கப்பல்களில் எத்தனை மூழ்கின? தாக்கப்பட்டவற்றில் 10 சதவீதம். பீரங்கி இல்லாதவற்றில்? 25 சதவீதம். மேலே ஒருவன் சுடுகிறான் என்றால் கீழே குண்டு போடுகிறவன் கை நடுங்குகிறது, குறி தவறுகிறது. பீரங்கி வைத்தது விமானத்தை வீழ்த்தவா, கப்பலைக் காப்பாற்றவா? எண் சரியாக இருந்தும் அளவுகோல் தவறாக இருந்தால் முடிவு தலைகீழாகிவிடும். அந்தக் கடைசி வரி என்று சொன்னேனே, அது இதுதான்.

ஏன் ராமநாதபுரம்? சென்னையிலோ கொச்சியிலோ நடத்தினால் வசதியாக இருக்குமே?

வசதியாக இருக்கும். ஆனால் இங்கே ஒரு சிறிய இடத்துக்குள் எல்லாம் இருக்கிறது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த எல்லைக்கோடு. ஒரு பக்கம் ஆழமில்லாத பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடாவும் அதன் 21 தீவுகளும். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம், ஐ.என்.எஸ். பருந்து. மண்டபத்தில் கடலோரக் காவல் படை. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம், கப்பல் போகும்போது நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பும் வகை. இதற்கு நடுவில் தினமும் கடலுக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கான மீனவர்கள்.

போரே இல்லாத கடற்கரையில் என்ன ராணுவப் பிரச்சினை என்று சிலர் கேட்பார்கள். சீருடைக்காரர்களின் நாளில் பெரும்பகுதி தேடுவதிலும் காத்திருப்பதிலும் பழுது பார்ப்பதிலும் சாப்பாடும் டீசலும் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலும்தான் கழிகிறது. சுடுவது அபூர்வம். அந்த அபூர்வமான நாளுக்காகத்தான் மற்றதெல்லாம் என்பது வேறு விஷயம்.

கத்திரி வெயிலில்தான் நடத்த வேண்டுமா?

வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பெயின்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வலை பின்னுவார்கள். மற்ற மாதங்களில் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமோ படகு டிரைவரிடமோ ஐந்து நிமிடம் பேச முடியாது. மே மாதத்தில் அவர்களே "என்ன தம்பி எழுதுறீங்க?" என்று கேட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் பாடத்தின் பாதி ஆசிரியர்கள் அவர்கள்தான்.

முதல் வாரம் என்ன செய்வோம்?

எண்ணுவோம். வேறொன்றும் இல்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நடந்த ஒரு சிறிய விஷயம் பதிவாகியிருக்கிறது. சாப்பிட்டு முடித்த சிப்பாய்கள் தட்டைக் கழுவ நீண்ட வரிசையில் நின்றார்கள். நான்கு தொட்டிகள்: இரண்டு சோப்புத் தண்ணீர், இரண்டு அலசுவதற்கு. ஒருவர் நின்று நேரம் பார்த்தார். சோப்புப் போட ஆகும் நேரம் அலசுவதைப்போல் மூன்று மடங்கு. ஆகவே மூன்று தொட்டியைச் சோப்புக்கும் ஒன்றை அலசலுக்கும் மாற்றினார்கள். தொட்டி ஒன்றுகூடக் கூட்டவில்லை, வரிசை காணாமல் போய்விட்டது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு மாணவர்களை ராமேஸ்வரத்தில் அன்னதானம் நடக்கும் இடங்களுக்கும் பேருந்து நிலையத்துக்கும் ரயில்வே கேட்டுக்கும் அனுப்பிவிடுவோம். கையில் ஒரு நோட்டு, ஒரு கைக்கடிகாரம். எங்கே வரிசை நிற்கிறது, எங்கே வேலை நிற்கிறது என்று எழுதி வர வேண்டும். தங்கப் பதக்கம் வாங்கிய ஒரு மாணவி முதல் நாள் ஒரு பக்கம்கூட எழுதாமல் திரும்பி வந்தாள். "என்ன எண்ணணும்னு தெரியல சார்" என்றாள். அதைச் சொல்லத் தோன்றியதே நல்ல ஆரம்பம் என்றேன். மூன்றாம் நாள் அவள் கண்டுபிடித்தது: பந்தியில் தாமதம் பரிமாறுவதில் இல்லை, இலை எடுப்பதில் இருக்கிறது.

ஒரு உண்மையான கணக்கைக் காட்டுங்கள். அப்போதுதான் நம்புவோம்.

சரி. ஒரு ஃபைபர் படகு. எஞ்சின் நின்றுவிட்டது, இரண்டு பேர் இருக்கிறார்கள். கடைசியாக எங்கே இருந்தார்கள் என்று தெரியும். அதன்பின் எந்தப் பக்கம் இழுத்துப் போனது என்று தெரியாது. வசதிக்காக, மணிக்கு ஒரு கடல் மைல் வீதம் எந்தத் திசையிலும் போயிருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இவை வகுப்பறை எண்கள்.

மூன்று மணி நேரம் கழித்துத் தேடப் போனால் மூன்று மைல் ஆரமுள்ள வட்டம், பரப்பு 28 சதுர மைல். ஆறு மணி நேரம் கழித்துப் போனால் ஆறு மைல் ஆரம், பரப்பு 113. நேரம் இரட்டிப்பானால் கடல் நான்கு மடங்காகிறது.

தேடும் படகு 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல் மைல் போகிறது. அலையில் ஆடும் சிறு படகைக் கண்ணால் பிடிக்கக்கூடிய அகலம் அரை மைல் என்று வைப்போம். மணிக்கு ஏழரைச் சதுர மைல் துழாவும், இரண்டு மணி நேரத்தில் 15. அமெரிக்கக் கடற்படைக்காகக் கணிதவியலாளர் பெர்னார்ட் கூப்மன் 1940களில் உருவாக்கிய தேடல் கோட்பாட்டில் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. துழாவிய பரப்பை மொத்தப் பரப்பால் வகுத்து, அதை எதிர்மறை அடுக்காக வைத்து e என்ற கணித மாறிலியின் (சுமார் 2.718) மதிப்பைக் கண்டு, ஒன்றிலிருந்து கழித்தால் கண்டுபிடிக்கும் நிகழ்தகவு. முதல் நிலையில் 41 சதவீதம். இரண்டாவதில் 12 சதவீதம்.

இப்போது கேள்வி: ஆறு மணி நேரம் தாமதமாகப் போகிறவர்கள் அந்த 41-ஐ எட்ட எத்தனை படகு வேண்டும்? இரண்டு என்றால் 23 சதவீதம். மூன்று என்றால் 33. நான்கு வேண்டும்.

ஒரு படகு வாங்க எவ்வளவு ஆகும், ஓட்ட எத்தனை பேர் வேண்டும் என்று யோசியுங்கள். பிறகு, வீட்டிலிருப்பவர் "இன்னும் காணோமே, இருட்டட்டும் பார்ப்போம்" என்று தயங்கும் மூன்று மணி நேரத்தைப் பற்றி யோசியுங்கள். எங்கள் மாணவர்கள் ஒரு முறை இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, தேடும் பாதையை மேம்படுத்தும் தங்கள் திட்டத்தை ஓரமாக வைத்தார்கள். கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண் எத்தனை வீட்டில் தெரிந்திருக்கிறது என்று தெருத் தெருவாகக் கேட்கக் கிளம்பிவிட்டார்கள். அதுதான் நல்ல ஓ.ஆர்.

அந்த "எந்தத் திசையிலும்" என்பது சரியா? கடலில் அப்படியா இழுக்கும்?

சரியில்லை. முதல் ஆண்டு நானே இதில் அசிங்கப்பட்டேன். அழகான வட்டம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். பாம்பனிலிருந்து வந்த வயதான சம்மாட்டி ஒருவர் பார்த்துவிட்டு, "வாநீவாடா சோநீவாடா?" என்று கேட்டார். வடக்கிருந்து தெற்கே ஓடும் நீரோட்டமா, தெற்கிருந்து வடக்கே ஓடுவதா என்று பொருள். நான் விழித்தேன். "அது தெரியாம வட்டம் போட்டா அதுல பாதி வெறுந்தண்ணி, வாத்தியாரே" என்றார்.

அதிலிருந்து சோழி முறைக்கு வந்தோம். கடல் வரைபடத்தைக் கட்டம் பிரித்து மேசையில் விரிப்போம். நான்கைந்து அனுபவசாலிகளை அழைத்து, ஒவ்வொருவரிடமும் 100 சோழி கொடுப்போம். இந்த மாதம், இந்தக் காற்று, இந்த இடத்தில் எஞ்சின் நின்றது, இப்போது படகு எங்கே இருக்கும்? நம்பிக்கைக்குத் தகுந்தபடி சோழியை வையுங்கள். தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று என்றால் ஒரு மாதிரி வைப்பார்கள், வடக்கிலிருந்து வரும் வாடை என்றால் வேறு மாதிரி. அவர்கள் வைப்பதன் சராசரிதான் நம் தொடக்க நிகழ்தகவு.

பிறகு பேயஸ் விதி, அதாவது புதுத் தகவல் வந்ததும் பழைய நிகழ்தகவைத் திருத்தும் முறை. வடகட்டத்தில் 60 சோழி, தென்கட்டத்தில் 40. வடக்கே தேடினோம், இருந்தால் கண்ணில்படும் வாய்ப்பு பாதி. கிடைக்கவில்லை. வடக்கே பாதிச் சோழியை எடுத்துவிடு. 30, 40. இப்போது தெற்குதான் அதிகம். கிடைக்காமல் போனதும் ஒரு தகவல் என்பது சூத்திரத்தில் புரியாதவர்களுக்கும் சோழியை எடுக்கும்போது புரிந்துவிடுகிறது.

இது விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 1968-இல் அட்லாண்டிக்கில் தொலைந்த ஸ்கார்ப்பியன் என்ற அமெரிக்க நீர்மூழ்கியைத் தேடியபோது, ஜான் கிரேவன் என்பவர் நிபுணர்களின் ஊகங்களை இப்படித்தான் எடைபோட்டு நிகழ்தகவு வரைபடம் தயாரித்தார். ஏறக்குறைய 3,000 மீட்டர் ஆழத்தில், அந்த வரைபடம் காட்டிய இடத்தருகே அது கிடைத்தது. நம் நாட்டிலும் கடல் நிலவரத் தகவல் தரும் ஹைதராபாத் அரசு நிறுவனமான இன்காய்ஸ் காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துத் தொலைந்த படகு எங்கே மிதந்திருக்கும் என்று கணிக்கும் 'சாரட்' என்ற கருவியை 2016-இல் வெளியிட்டது. இரண்டாம் வாரத்தில் அதையும் பார்ப்போம். சோழிக்குப் பிறகுதான். முதலில் திரையைக் காட்டினால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ரோந்துப் பணி பற்றிப் பாடம் உண்டா?

உண்டு. இந்தக் கடற்கரையில் கடல் அட்டை, பீடி இலை, சமையல் மஞ்சள் பிடிபட்ட செய்தி வராத மாதம் குறைவு. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது.

ஒரு ரோந்துப் படகு, கரையில் இரண்டு படகுத்துறைகள். அ துறையில் சரக்கு ஏற்றினால் கடத்துகிறவனுக்கு லாபம் மூன்று பங்கு, ஆ துறையில் ஒரு பங்கு, காவலில் மாட்டினால் ஒன்றுமில்லை. எங்கே காவல்? எப்போதும் அ என்றால் அவன் ஆவுக்குப் போவான். மாறி மாறி ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால், ஒரு வாரம் டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அட்டவணை மனப்பாடம். எந்தத் துறையானாலும் அவனுக்கு ஒரே லாபம்தான் என்று ஆகிவிட்டால் அவனால் நம்மை ஏமாற்ற முடியாது. கணக்குப் போட்டால் நான்கில் மூன்று பங்கு நாள் அ, ஒரு பங்கு ஆ. எந்த நாள் எது என்பது நமக்கே முன்கூட்டித் தெரியக் கூடாது.

இங்கேதான் மனிதர்கள் தோற்பார்கள். "சும்மா மனசுல தோணுற மாதிரி எழுது" என்றால் எல்லோரும் அஅஅஆ, அஅஅஆ என்றே எழுதுவார்கள். அதனால் தாயக்கட்டை. ஒரு கட்டைக்கு நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறும் முகம். தினமும் காலையில் உருட்டு. வெறும் முகம் விழுந்தால் ஆ, மற்றது எதுவானாலும் அ. பாட்டிமார் விளையாடிய பொருள் இந்தக் கணக்குக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

இதே கருத்தைக் கணினி அறிவியலாளர் மிலிந்த் டாம்பேயின் குழு 2007-இல் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையச் சோதனைச் சாவடிகளுக்கும், 2011-இல் பாஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ரோந்துக்கும் மென்பொருளாக்கிக் கொடுத்தது. அங்கே துறைகளும் அதிகம், கணக்கும் பெரியது. அடிப்படை இந்தத் தாயக்கட்டைதான்.

நீங்கள் தோற்ற பிரச்சினை ஏதாவது?

எல்லைக்கோடு.

ஒரு குழு ஆர்வமாகக் கிளம்பியது: படகு எல்லைக்கு எத்தனை மைல் அருகே வரும்போது ஜி.பி.எஸ். கருவியில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும்? ஆழ வெடிகுண்டைப் போலவே ஒரு எண்ணைச் சரியாக வைக்கும் வேலை என்று நினைத்தார்கள். இழுவலையோடு போகும் படகு 3 நாட். வலையை ஏற்ற அரை மணி நேரம் என்றால் அதற்குள் ஒன்றரை மைல் போய்விடும். அரை மைலில் மணி அடித்து ஒரு பயனும் இல்லை. சரி, மூன்று மைலில் அடிக்கட்டும் என்றார்கள். ஒரு டிரைவர் சிரித்தார். "அந்த இடத்துலதான் தம்பி ராத்திரி பூரா நிப்போம். மணி விடியவிடிய அடிக்கும். ஒயரப் பிடுங்கிருவோம்."

தவறான எச்சரிக்கைக்கும் தவறிய எச்சரிக்கைக்கும் நடுவே சரியான புள்ளி இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே அப்படி ஒரு புள்ளியே இல்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மீன்பாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் தெரியும். டீசல் கடன் எவ்வளவு என்பதும் தெரியும். மணியால் தீராத பிரச்சினைக்கு மணியின் தூரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் குழு அப்படியே எழுதிக் கொடுத்தது. முழு மதிப்பெண் போட்டேன்.

கடற்படைத் தளத்துக்குள் கூட்டிப்போவீர்களா? ரகசியத் தகவல் கிடைக்குமா?

இரண்டும் இல்லை. எந்த ரகசியத் தகவலும் எங்களிடம் கிடையாது, வாங்கவும் மாட்டோம். வேலிக்கு வெளியே நின்று எத்தனை விமானம் எழும்பியது என்று எண்ணும் "பயிற்சி"யைத் தயவுசெய்து நீங்களாகக் கண்டுபிடிக்காதீர்கள். ஓர் ஆண்டு ஒரு மாணவர் அப்படி ஆர்வப்பட்டு, அன்று மாலை முழுக்க நான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. முறைகளைக் கற்க பொதுவில் உள்ள பழைய பதிவுகளும் வகுப்பறை எண்களும் போதும்.

வெளிநாட்டில் இதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

கலிஃபோர்னியாவில் மான்டரேயில் அமெரிக்கக் கடற்படையின் முதுகலைக் கல்லூரி இருக்கிறது. 1951 முதல் அங்கே ஓ.ஆர். படிப்பு. அங்கே மாணவர்கள் பெரும்பாலும் பணியிலுள்ள அதிகாரிகள். கப்பலில் இருந்தவர், உதிரிபாகக் கிடங்கைப் பார்த்தவர், இரவுக் காவல் நின்றவர். பிரச்சினையை அவர்களே கொண்டுவருகிறார்கள், ஆசிரியர் கணிதத்தைக் கொடுக்கிறார், கடைசியில் ஆய்வேட்டில் இரண்டும் சேர்கின்றன.

எங்கள் நிலைமை தலைகீழ். பரமக்குடியிலிருந்தும் திருவாடானையிலிருந்தும் வரும் பிள்ளைகளிடம் கணிதம் இருக்கிறது, பிரச்சினை இல்லை. அதைக் கடன் வாங்க வேண்டும். ஓய்வுபெற்ற கடற்படையினர் இந்த மாவட்டத்தில் நிறைய. அவர்களில் சிலர் மாலையில் வந்து உட்காருவார்கள். ஒரு முன்னாள் எஞ்சின் அறைக்காரர் சொன்ன உதிரிபாகக் கதைகளை வைத்தே நான்கு நாள் பாடம் ஓடியது. அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குப் போர்க்கால விமானப் பராமரிப்புக் கதை நினைவுக்கு வந்தது. எந்த நேரமும் 75 சதவீத விமானங்கள் தயாராக இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் கடலோர விமானப்படையில் விதி. பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்த மரபியலாளர் செசில் கார்டன் போய்ப் பார்த்துச் சொன்னார்: விமானம் தயாராக இருக்க எளிய வழி அதைப் பறக்கவிடாமல் இருப்பது, உங்கள் விதி அதைத்தான் செய்கிறது. விதியைத் தளர்த்திப் பராமரிப்பைத் திட்டமிட்டதும் பறந்த நேரம் வெகுவாகக் கூடியது. எங்கள் எஞ்சின் அறைக்காரர் இதைக் கேட்டு, "நம்ம ஆளு" என்றார்.

கணினி வேண்டுமா? பைதான் தெரிந்திருக்க வேண்டுமா? செயற்கை நுண்ணறிவு உண்டா?

இரண்டாம் வாரத்திலிருந்து கணினி. பைதான் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் எக்செல் போதும். செயற்கை நுண்ணறிவை யாரும் தடுக்கவில்லை. ஆனால் வாநீவாடா சோநீவாடா என்று அது உங்களைக் கேட்காது.

என் மகனைப் போர் செய்யப் படிக்கவைக்கிறீர்களா?

ஒரு தாயார் தொலைபேசியில் கேட்டது இது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் அம்மா. ஆம், இந்தக் கணக்கு ஆட்களைக் காப்பாற்றவும் உதவும், கொல்லவும் உதவும். தேடல் கணக்கை மீனவருக்குப் போட்டாலும் நீர்மூழ்கிக்குப் போட்டாலும் சூத்திரம் ஒன்றே. அதை மறைத்துப் பாடம் நடத்த மாட்டேன்.

ஆனால் அந்த பிளாக்கெட்டின் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. 1942-இல் ஜெர்மன் நகரங்களின் குடியிருப்புகள்மேல் குண்டு போட்டால் எதிரி மனமொடிந்துவிடுவான் என்று பிரதமர் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் ஒரு கணக்குக் கொடுத்தார். அந்தக் கணிப்பு ஆறு மடங்கு மிகை என்று பிளாக்கெட் எழுதினார். டிசார்ட் என்ற இன்னொரு அறிவியலாளர் ஐந்து மடங்கு என்றார். கேட்கவில்லை. குண்டுவீச்சு நடந்தது. எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்த இருவர் கணக்கு தவறு என்று சொன்னது பதிவில் இருக்கிறது. உங்கள் மகன் அந்த மேசையில் உட்காரும் நாள் வந்தால், கூட்டல் தப்பு என்று சொல்லத் தெரிந்தவனாக உட்காரட்டும் என்பது என் ஆசை. அவன் உட்கார வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. அவனோடு பேசுங்கள். நான் பேசுவதைவிட அது நல்லது.

மீனவர்கள் தகவல் தருவார்களா?

தருவார்கள், அது எங்கே போகும் என்று தெரிந்தால். மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் போட்டுக் கடலுக்குப் போன படகுகளின் எண்ணிக்கை, காற்று மாறிய நாள், வலை கிழிந்த இடம் எல்லாம் சொல்வார்கள். எழுதுகிற நோட்டை அவர்களிடமே காட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. பெயரோ படகு எண்ணோ எழுதக் கூடாது. "அண்ணே, இதை எழுதலாமா?" என்று ஒரு முறையாவது கேட்காத மாணவரை மறுநாள் சமையலுக்கு விட்டுவிடுவோம்.

இறுதி அறிக்கை எத்தனை பக்கம்?

ஒன்று. பின்னிணைப்பு எத்தனை பக்கமானாலும் போகட்டும், படிக்க வேண்டியது ஒரு பக்கம். பல ஆண்டுகளுக்கு முன் நான் நாற்பது பக்க அறிக்கையை ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை காலையில நான் என்ன செய்யணும்?" என்றார். நாற்பது பக்கத்தில் அது இல்லை. இப்போது மாணவர்களின் அறிக்கையில் முதல் வரியே அதற்கான பதிலாக இருக்க வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். பேசிக் காட்டுவது மட்டும் தமிழில், சம்மாட்டிகள் முன்னிலையில். பல்கலைக்கழக வாய்மொழித் தேர்வைவிட அங்கேதான் வியர்க்கும்.

சான்றிதழ், வேலைவாய்ப்பு?

சான்றிதழ் உண்டு, ஒரு தாள். வேலைக்கு உறுதி கிடையாது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனங்களில் இந்தத் துறைக்கு இடம் உண்டு. டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் டெல்லியில் இதற்கென்றே ஐ.எஸ்.எஸ்.ஏ. என்ற ஆய்வகம் இருக்கிறது. வந்தவர்களில் பலர் துறைமுகம், மருத்துவமனை, போக்குவரத்து என்று போனார்கள்.

என்ன கொண்டுவர வேண்டும்?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் பேருந்தில் ஏறித் தங்கச்சிமடத்தில் இறங்குங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், இரண்டு கோடு போட்ட நோட்டு, நொடிமுள் உள்ள கைக்கடிகாரம், உப்புத் தண்ணீர் பட்டால் கெடாத செருப்பு. சாப்பாடு எங்கள் பொறுப்பு, மீன் உண்டு, சாப்பிடாதவர்களுக்குக் குழம்பு தனி. வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் எடுத்து வாருங்கள், எங்களிடம் இருப்பதில் ஒன்று காணாமல் போய்விட்டது. பைனாகுலர் மட்டும் வேண்டாம்.